சிம்பலுக்கு மேலே ஒரு மைக்

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரி ஏதோ சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்பதில் சந்தேகமே இல்லை. மேடையின் இடது ஓரத்தில் கறுப்புத் துணி மறைப்புக்குப் பக்கத்தில், மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் நின்ற திருகாணியை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை. பாடுகிறவர்களுக்கு வாய்க்கு முன்னால் மைக் உண்டு. டிரம்ஸ் அடிக்கிறவளுக்கு வாய்க்கு மைக் எதற்கு என்று யாரும் வைக்கவில்லை.

திருகாணி என்பது பட்டப்பெயர். சின்ன வயதில் சித்தியின் சாமான் கொட்டகையில் விளையாட விட்டபோது, கண்ணில் பட்ட குமிழையெல்லாம் திருகிவைத்துவிட்டுப் போனதால் வந்தது. இப்போது பத்தொன்பது வயது. அன்றைக்கு எதற்காக அடி வாங்கினாளோ அதற்கே இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறாள்.

சித்திக்குச் சொந்தமாக ஒரு லாரி, அது நிறைய ஸ்பீக்கர், அதைவிட நிறையக் கோபம். இசை விழாக்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது தொழில். இந்த விழா பெரியது. மைதானம் முழுக்க மேடைகள், கூடாரங்கள், கையில் கலர்ப் பட்டை கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கும் இளசுகள். இரண்டாம் மேடை சித்தியின் பொறுப்பு. சித்தப்பா கூட்டத்துக்கு நடுவில் கூடாரம் போட்டு, ஜனங்களுக்குக் கேட்கிற சத்தத்தைப் பார்த்துக்கொள்வார். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற சத்தம் திருகாணியுடையது. வாசிக்கிற ஒவ்வொருவரும் காதில் ஒரு சின்னக் கருவியைச் செருகியிருப்பார்கள். அவரவர் கேட்பதை அவரவர் காதுக்கு அனுப்ப வேண்டும். கீபோர்டுக்காரருக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். கிட்டார்காரனுக்குக் கிட்டார் மட்டும் போதும். உலகத்தில் வேறு வாத்தியம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. திருகாணிக்கென்றும் மேஜையில் ஒரு மைக் உண்டு. அதன் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினால், அவள் தேர்ந்தெடுத்த ஒரு காதுக்கு மட்டும் அவள் குரல் போகும். வேறு ஈ காக்கைக்குக் கேட்காது.

விழா மூன்று நாள். இரண்டாம் மேடையில் தினம் மதியம் ஒரு விருந்தினர் வந்து பாடுவார். பின்னால் வாசிப்பது மூன்று நாளும் இதே குழுதான்.

முதல் நாள் வந்த பாடகர் மூன்றாவது பாட்டில் வரியை மறந்துவிட்டார். வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பார்ப்பது பாடுகிறவரின் முதுகைத்தான். பக்கவாட்டில் நிற்கிற திருகாணிக்கு முகம் தெரியும். அந்த முகத்தில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் களையைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பட்டனுக்குப் போனது.

"அவரு மறந்துட்டாரு. இன்னொரு சுத்து வாசி. இரு, இரு... இப்ப!"

டிரம்ஸ்காரி கண் இமைக்காமல் இன்னொரு சுற்று வாசித்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து வாசித்தார்கள். பாடகர் வரியைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அதை ஏதோ புது நயம் என்று நினைத்துக் கைதட்டியது. அப்புறம்தான் திருகாணிக்கு உறைத்தது: காலையில் 'வாங்க, காதுல சரியா இருக்கா, பாருங்க' என்று மரியாதையாகப் பேசிய ஆளை, 'வாசி' என்று ஒருமையில் அதட்டியிருக்கிறாள். டிரம்ஸ்காரி கோபப்படவில்லை. குச்சியால் தன் காதைத் தொட்டு, திருகாணியைக் காட்டி, விடாமல் பேசு என்பதுபோல் கையைச் சுழற்றினாள். பாட்டு முடிந்ததும் முதல் தடவையாக அந்த ஏதோவைச் சொன்னாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மேடையில் இருக்கிறவர் வாயைத் திறந்தால் ஏதோ சாமான் கேட்கிறார் என்றுதான் தோன்றும். திருகாணி தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினாள். டிரம்ஸ்காரி குடித்தாள், அடுத்த பாட்டு முடிந்ததும் மறுபடியும் சொன்னாள். வெயிலாயிற்றே என்று ஒரு ஃபேனைத் திருப்பி வைத்தாள். மறுபடியும் சொன்னாள். துண்டு போயிற்று. ஸ்டூல் வழுக்குகிறதோ என்று ரப்பர் விரிப்பு போயிற்று. கடைசிப் பாட்டு வருவதற்குள் டிரம்ஸைச் சுற்றி ஒரு குடித்தனமே நடத்தலாம் போல ஆகிவிட்டது. அதற்கு மேல் முடியாமல் டிரம்ஸ்காரி குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஏம்மா," என்றார் பக்கத்து மேஜையில் விளக்குப் போடுகிற அண்ணன், "அந்தப் புள்ள சாமான் கேக்கற மாதிரி எனக்குத் தெரியலயே."

"பின்ன?"

"எனக்கென்ன தெரியும்? நான் லைட்டு."

நிகழ்ச்சி முடிந்து காதுக் கருவியைத் திருப்பிக் கொடுக்க டிரம்ஸ்காரியே வந்தாள். திருகாணியைவிட ஒரு வயது மூத்தவளாக இருக்கலாம். நெற்றியில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் காய்ப்பு. ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"நாளைக்கும் பேசு," என்றாள். "முதுகையே பாத்து வாசிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பேருந்துல முன்சீட்டுக்காரர் தலையப் பாத்துட்டே ஊருக்குப் போற மாதிரி இருக்கும். இன்னிக்குத்தான் ஜன்னல் தெறந்துச்சு."

"சரி. பாட்டு முடிஞ்சதும் ஏதோ சொன்னீங்களே?"

"என்ன 'ங்க'? அதான் வாசின்னு சொல்லியாச்சுல்ல."

"ஏதோ சொன்னியே?"

"ஒண்ணுமில்லையே," என்று இறங்கிப் போய்விட்டாள். காது நுனி சிவந்திருந்தது. வெயில் என்று திருகாணி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த ஓரத்தில் நிழல்தான் இருந்தது.

ஒன்றுமில்லாததை யாராவது ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்வார்களா? இன்னொரு தடவை கேட்கலாம்தான். ஆனால் திருகாணிக்கு நாக்கு எழவில்லை. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று அவளுக்குப் பள்ளியிலேயே தெரியும். அதை வெளியே ஒரு உயிரிடம் சொன்னதில்லை. சித்தியிடம் சொன்னதில்லை, உடன் படித்தவர்களிடம் சொன்னதில்லை, கண்ணாடியிடம்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். இந்தத் தொழில் ஒரு சின்னக் குடும்பம். யாரோ ஒருத்தியிடம் தப்பாக வாயைவிட்டால், அடுத்த விழாவுக்குச் சித்தியின் லாரி போய்ச் சேரும் முன்பே அந்தச் சேதி போய்க் காத்திருக்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த டிரம்ஸ்காரியும் தன்னைப் போலத்தானா, தன்னை நினைத்துத்தான் காது சிவந்தாளா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் வண்டி ஏறிவிடுவார்கள். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாம் நாள் பட்டனை அழுத்தித் திருகாணி நன்றாகவே பேசினாள். 'பாடகிக்கு மூச்சு வாங்குது, மெதுவா', 'கிட்டார் உன்னயப் பாக்கவே இல்ல, முறைச்சுப் பாரு', 'அவங்க சிரிச்சிட்டாங்க, நல்லாப் போகுது'. டிரம்ஸ்காரி எல்லாவற்றுக்கும் வாசிப்பிலேயே பதில் சொன்னாள். சிரிப்பு மூட்டினால் சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், ஒரு சின்னத் தட்டல், திட்டினால் கீழ் டிரம்மில் ஒரு உறுமல். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அந்த உதடுகள் மட்டும் வழக்கம்போல அசைந்தன.

அன்று நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, திருகாணி மேஜையில் தனியாக இருந்தாள். சிம்பல்களுக்கு மேலே இரண்டு மைக் தொங்கும். உலோகச் சத்தத்தைப் பிடிக்க வைத்தது. ஆனால் மைக்குக்கு உலோகம் எது, மனுஷர் எது என்று தெரியாது. டிரம்ஸ்காரியின் தலைக்கு மேல் ஒரு முழம்கூட இல்லை. மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்து ரீங்காரம் அடங்குகிற இடத்தைத் திரையில் தேடிப் பிடிக்க வேண்டியது, ஒரு பட்டனைத் தட்ட வேண்டியது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான் இல்லை. மைக் திறந்திருப்பதை மறந்து மேடையில் ஜனங்கள் சண்டை போடுவார்கள், அழுவார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள், கடன்காரனைத் திட்டுவார்கள். மேஜையில் இருப்பவர் காதுக்கு எல்லாம் வரும். சித்தியிடம் வேலைக்குச் சேர்கிற ஆளுக்கு அவர் முதலில் சொல்வது, கேபிளை எப்படிச் சுற்றுவது என்று இல்லை. "காதுல தானா விழுந்தா விழட்டும். நீயா போய்க் கேட்ட, என் வண்டியில உனக்கு எடம் கெடையாது." சொன்னதோடு நில்லாமல் ஒருவனை நடுரோட்டில் பெட்டியோடு இறக்கிவிட்டவர்.

அது தெரிந்தும் திருகாணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தட்டினாள்.

சிம்பலின் நீண்ட ரீங்காரம். தூரத்தில் கூட்டத்தின் கைதட்டல். ஒரு மூச்சு. அப்புறம், காதோரமே உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அந்தக் குரல்.

"உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்..."

திருகாணி நிறுத்திவிட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முகமெல்லாம் சுட்டது. தன்னிடம்தான் சொல்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. தனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறாள் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. அடுத்த வாக்கியம் விரல் நுனியில் இருந்தது. அதில்தான் அவள் தேடியது இருக்கிறது, அல்லது இல்லை. இவ்வளவு ஆசையாக எதையும் தெரிந்துகொள்ள அவள் துடித்ததில்லை. ஆனாலும் தட்ட முடியவில்லை. தட்டினால், அந்தப் பெண் பத்திரம் என்று நம்பிய ஒரே இடத்தையும் தட்டிப் பறித்ததாகும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை ஒலிச் சோதனையில் திருகாணிக்குப் பேச வாய் வரவில்லை. பட்டனில் கை வைத்தபோதெல்லாம் திருடி மாதிரி இருந்தது. டிரம்ஸ்காரி குச்சியால் காதைத் தொட்டு, என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தினாள். திருகாணி கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"நேத்து மதியம் உன் மைக் பதிவப் போட்டுக் கேட்டுட்டேன். 'உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்' — அது வரைக்கும். அதுக்கு மேல கேக்கல, சத்தியமா. தப்புதான். மன்னிச்சிரு."

கண்ணைத் திறந்தபோது டிரம்ஸ்காரி காதுக் கருவியைக் கழற்றி டிரம் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். எறிந்திருந்தால் தேவலை. பின்பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டாள். கிட்டார்காரன்கூடக் கவனித்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி வந்தார். "என்னடி பண்ணித் தொலச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் ஒரு உண்மையைச் சொன்ன வாய்க்கு அதற்குள் பொய் வரவில்லை. "அவ பாட்டு முடிஞ்சதும் பேசினதப் பதிவுல கேட்டுட்டேன், சித்தி. ஒரு வரி."

"எதுக்கு?"

திருகாணி ஒரு குமிழைத் திருகி, திரும்பப் பழைய இடத்துக்கே திருகினாள். சித்தி அந்தக் கையைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள்; கத்தவில்லை. "எந்திரி," என்றார். "இன்னிக்கு மேஜை நான் பாத்துக்கறேன். நீ கீழ போய் நில்லு. முன்னால போட்டோ புடிக்கறவங்க கேபிளை மிதிக்காம பாத்துக்க. அது ஒண்ணாவது ஒழுங்கா பண்றியான்னு பாப்போம்."

மேடைக்கும் கம்பித் தடுப்புக்கும் நடுவில், படம் எடுப்பவர்கள் நிற்கிற சந்தில் அவளுக்கு வேலை. வேலை என்றால், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது. முதுகுக்குப் பின்னால் கூட்டம் கத்தியது. அன்றைய பாடகி பெரிய பேர் எடுத்தவர். அவர் வரியை மறப்பதும் பெரிய பேர் எடுத்த சமாச்சாரம்தான். நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த டிரம்ஸ்காரியின் காதில் சித்தி பேசிப் பார்த்தார் போல. ஆனால் சித்திக்கு மிக்ஸரைப் படிக்கத் தெரியும், முகத்தைப் படிக்கத் தெரியாது. இரண்டாவது பாட்டில் ஒரு இடம் இடறி, தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று அலைந்து எப்படியோ கரை சேர்ந்தது. டிரம்ஸ்காரியின் தாடை இறுகியிருந்தது. பாட்டு முடிந்தபோது அவள் இடது ஓரத்தைப் பார்க்கவில்லை. உதடு அசையவில்லை. திருகாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த உதடுகள் எதைச் சொன்னாலும் சரி, சொல்லாமல் இருப்பதை மட்டும் தாங்க முடியவில்லை.

நான்காவது பாட்டு, நல்ல வேகம். கீழேயிருந்து பார்க்கையில் பாடகியின் முகம் மேலே. அவர் இடுப்புக்கும் மைக் கம்பத்துக்கும் நடுவே, பின்னால் டிரம்ஸ்காரியின் முகம். பாடகியின் கண் மேலே போய் நின்றது. வரியை விட்டுவிட்டார்! திருகாணி கேபிளை மறந்தாள், சித்தியை மறந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெரிதாகச் சுழற்றினாள். இன்னொரு சுத்து. பக்கத்தில் நின்ற போட்டோக்காரர் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தள்ளி நின்றார்.

டிரம்ஸ்காரி பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் இன்னொரு சுற்று வாசித்தாள். திருகாணி உள்ளங்கையைக் காட்டினாள்: பொறு. பாடகி உதட்டை ஈரமாக்கினார். பொறு. கண் கீழே இறங்கியது. திருகாணி கையை வெட்டி இறக்க, டிரம்ஸும் குரலும் ஒரே நொடியில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. மைதானமே குதித்தது. அதற்கப்புறம் கடைசிப் பாட்டு வரைக்கும் டிரம்ஸ்காரியின் கண் கீழேதான் இருந்தது. வேலைக்காகப் பார்க்கிறாளா, கோபம் போய்விட்டதா என்று அந்தக் கண்ணிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து வெயில் சாய்ந்தபோது சித்தி கூப்பிட்டார். "டிரம்ஸ் மைக்கெல்லாம் போய்க் கழட்டு. பத்திரம்." குரலில் பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது.

டிரம்ஸ்காரி சிம்பல்களைக் கழற்றித் துணிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். திருகாணி மைக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். மேலே தொங்கிய இரண்டையும் கடைசியில் எடுத்தாள்.

"ஏன் அதோட நிறுத்தின?" என்றாள் டிரம்ஸ்காரி, தலை நிமிராமல்.

"கேக்காதுன்னு நெனச்சுல்ல சொன்ன. அதுக்கு மேல கேட்டா நான் மனுஷியே இல்ல."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே. அத மறைச்சு வெச்சுக்கிட்டு உன் காதுல எப்படிப் பேசறது?"

டிரம்ஸ்காரி பையின் ஜிப்பை இழுத்தாள், திரும்பத் திறந்தாள், மறுபடி இழுத்தாள். "அந்தப் பதிவு?"

"காலையிலேயே உன் மைக்க மட்டும் அழிச்சிட்டேன். சித்தி கேட்டா அதுக்கும் திட்டு இருக்கு."

"லூசு." அந்த வார்த்தையில் கோபம் இல்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அதுல பெருசா ஒண்ணும் இல்ல, தெரியுமா. கவிதையெல்லாம் சொல்லல. ஒரு கேள்விதான். ரெண்டு நாளா அதே கேள்வி. உனக்குக் கேட்டு, நீ 'சீ' ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அப்புறம் யாரு என் காதுல பேசறது? அதான் கேக்காத எடத்துல வெச்சுக் கேட்டேன்."

"என்ன கேள்வி?"

டிரம்ஸ்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். கிட்டார்காரன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். மேடை ஓரத்தில் சித்தி கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீயும் என்னய மாதிரிதானான்னு."

திருகாணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று நாளாக இவள் எதைத் தெரிந்துகொள்ளத் தவித்தாளோ, அதையே அங்கே உட்கார்ந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. இது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பட்டன் இல்லை, மைக் இல்லை, ஒருத்தி காதுக்கு மட்டும் அனுப்ப வழி இல்லை. பத்தடி தூரத்தில் சித்தி நிற்கிறார்.

"ஆமா," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் சொல்கிறாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"கேக்கல," என்றாள் டிரம்ஸ்காரி. கண் நிறைந்திருந்தது. அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"ஆமா!" என்றாள் திருகாணி, மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "நானும்தான். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு."

கிட்டார்காரன் திரும்பிப் பார்த்தான். சித்தியின் கையில் கேபிள் பாதி வளையத்தில் நின்றது. திருகாணி சித்தியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக முன்பின் தெரியாதவர்களின் முகத்தையெல்லாம் படித்தவளுக்குத் தன் சித்தியின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. சித்தி அவளைப் பார்த்தார், டிரம்ஸ்காரியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"வண்டி கெளம்ப இன்னும் நேரம் இருக்கு," என்றார். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளு." சொல்லிவிட்டுக் கேபிளை விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினார்.